பழைய பிக்கப்: மீட்டர் சொல்லாததைச் சேஸி சொல்லும்

கேள்வி இதுதான்: “பழைய டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள) பிக்கப் ஒன்று வாங்க வேண்டும். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாடல், 9 வருட டீசல். ஒன்று 80,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, ஆனால் சர்வீஸ் ரசீது எதுவும் கிடையாது. இன்னொன்று 2,10,000 ஓடிய வண்டி. கீறலும் நசுங்கலுமாக இருக்கிறது, ஆனால் முதல் நாளிலிருந்து எல்லா ரசீதும் இருக்கிறது. எதை எடுக்கலாம்? எந்தக் கம்பெனி வண்டி நம்பகமானது?”

என் சாய்வு இரண்டாவது வண்டியின் பக்கம். ஆனால் இரண்டின் அடியிலும் படுத்துப் பார்க்காமல் எதற்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

காரில் கிலோமீட்டர் ஓரளவுக்கு ஒரு கணக்கு. பிக்கப்பில் அது பாதிக் கணக்குகூட இல்லை. ஒரு பிக்கப் 80,000 கிலோமீட்டரும் ஒன்றே கால் டன் மணலைச் சுமந்துகொண்டு கல்குவாரிப் பாதையில் ஓடியிருக்கலாம். இன்னொன்று 2 லட்சமும் ஒரே ஆளையும் ஒரு டூல் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியிருக்கலாம். முதல் வண்டிதான் கிழவன். அதனால் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது “எவ்வளவு ஓடியிருக்கு?” என்று அல்ல, “இதில் எதை ஏற்றினீங்க?” என்றுதான். கேட்ட உடனே பதில் வந்தால் நல்லது. “அப்படி ஒண்ணும் ஏத்தலைங்க, வீட்டு வண்டி மாதிரிதான்” என்று இழுத்தால், நேரே பின்னால் போய் லோடு ஏற்றும் தொட்டியைப் பாருங்கள். கேபினை ஒட்டிய முன்சுவரில் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிய நசுங்கல் இருந்தால், பிரேக் போடும்போது கனமான சரக்கு சறுக்கி வந்து இடித்திருக்கிறது. தரையில் பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். லைனர் போட்ட அன்றைக்கு அழகு, பத்து வருடம் கழித்து அதன் அடியில் தண்ணீர் தேங்கித் துரு தின்றிருக்கும்.

இப்போது சேஸி. பெரும்பாலான பிக்கப்புகளில் கேபினும் தொட்டியும் ஓர் ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. எஞ்சின் போனால் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். இந்தச் சட்டம் போனால் வண்டியே போச்சு. அதனால் மற்ற எதற்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் பானெட்டைத் தூக்கி, எஞ்சினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஒரு டார்ச், பழைய துணி, ஒரு ஸ்குரூடிரைவர் போதும். பின்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள்) சேஸியோடு மாட்டியிருக்கும் இடங்கள் இருக்கும். சேறு வந்து ஒட்டி, காயாமல், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மூலைகள் இவைதான். விற்பவரிடம் சொல்லிவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிடியால் சட்டத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு “கிண்” என்று பேசும். தின்றுபோன இடம் “பொத்” என்று அமுங்கிய சத்தம் தரும். பெட்டி வடிவச் சட்டம் என்றால் துரு உள்ளிருந்துதான் தொடங்கும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும். சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதில் விரலை விட்டுப் பாருங்கள். மண் வந்தால் பரவாயில்லை, அப்பளம் மாதிரி செதில் செதிலாகத் துரு வந்தால் எழுந்து துணியை உதறிவிட்டுக் கிளம்பிவிடலாம். மேலே படிந்திருக்கும் செம்பழுப்புத் தூள் துரு வேறு, இந்தச் செதில் வேறு. முதலாவது எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு.

நான் வாங்கிய முதல் பிக்கப்பின் அடிப்பாகம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்து மின்னியது. “எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார் பாரேன்” என்று விற்றவரை மனதுக்குள் மெச்சினேன். மூன்று மாதம் கழித்து, அரை லோடுகூட இல்லாத நாளில், ஒரு வேகத்தடையில் பின்பக்கம் “டமார்” என்றது. ஸ்பிரிங்கின் பின்முனையைத் தாங்கும் பிராக்கெட் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. கோட்டிங்கைச் சுரண்டினால் அதன் கீழே இரும்பே இல்லை. பட்டியும் தாரும்தான் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தன. அன்றிலிருந்து விற்பனைக்கு வந்த வண்டியின் அடியில் புதுக் கறுப்பைப் பார்த்தால் எனக்கு அது அக்கறையாகத் தெரிவதில்லை. பழைய, மங்கிய, அங்கங்கே உரிந்த கோட்டிங்தான் நம்பத்தக்கது.

துருவுக்கு அடுத்தது வளைவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சந்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் சட்டம் பின்பக்கமாகத் தொங்கிவிட்டது என்று பொருள். மேலே குறுகியிருந்தால் நடுவில் குழிந்திருக்கிறது. ஒருபக்கச் சந்து ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால் விபத்தில் முறுக்கியிருக்கலாம். தொட்டியைச் சட்டத்தின் மேல் தாங்கும் மவுண்ட் தேய்ந்தாலும் கொஞ்சம் வித்தியாசம் வரும்தான். ஆனால் கண்ணுக்கே தெரிகிற அளவு வித்தியாசத்தை மவுண்ட் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டபுள் கேப்பில் இந்த வளைவு கொஞ்சம் அதிகமாகவே வரும், காரணம் எளிது. கேபின் நீளமாக இருப்பதால் தொட்டி பின்னுக்குப் போய்விடுகிறது. ஏற்றும் பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அதோடு டிரெய்லரையும் மாட்டினால் சட்டத்தின் வாலை ஓயாமல் கீழே அழுத்துவது போல. பின்பக்கம் தொங்குகிறதே என்று சிலர் ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் பை வைப்பார்கள். வண்டி நிமிர்ந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லீஃப் ஸ்பிரிங் இரண்டு முனைகளில் பிரித்துக் கொடுக்கும் பாரத்தைக் காற்றுப் பை அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் குத்துகிறது. சட்டம் வளைவது பெரும்பாலும் அங்கேதான். காற்றுப் பை போட்ட வண்டி என்றால் அந்த இடத்தின் மேல் விளிம்பில் விரிசலோ கீழ் விளிம்பில் சுருக்கமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பை கழற்றிய பிறகும் அது உட்கார்ந்த வட்டத் தடம் போகாது.

ஸ்பிரிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம். பட்டைகள் காலி வண்டியில் லேசாகவாவது வில் மாதிரி வளைந்திருக்க வேண்டும். தட்டையாகக் கிடந்தால் நிறையச் சுமந்திருக்கிறது. கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகப் பட்டை ஏற்றியிருந்தாலும் அதே கதைதான். அதற்கு மேலே ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அது நசுங்கிப் பிளந்திருந்தாலோ, அது இடிக்கும் இரும்பு பாலிஷ் போட்டது போல மின்னினாலோ, இந்த வண்டி அடிக்கடி கடைசி எல்லைவரை அமுங்கியிருக்கிறது. விற்பவர் என்ன சொன்னாலும் இந்தக் குமிழ் பொய் சொல்லாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நிறையப் பழைய பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே போய் ஒரு பிரேக் வால்வில் மாட்டியிருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால் அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டியை உயர்த்துகிறேன் என்று ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் இந்தக் கம்பியைச் சரிசெய்ய மறந்துவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு லோடு இருந்தாலும் வால்வு “வண்டி காலி” என்றே நினைத்துக்கொண்டிருக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். உயர்த்திய வண்டி என்றால் இந்தக் கம்பியைத் தேடிப் பாருங்கள். சில வண்டிகளில் அதைக் கட்டுக்கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியிருப்பார்கள்! என்னைக் கேட்டால், உயர்த்தி, பெரிய டயர் மாட்டிய பழைய பிக்கப் எதையும் நான் தொடுவதில்லை. நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வேலை எனக்கு எதற்கு?

எஞ்சினுக்கு வருவோம். வருகிற நேரத்தைச் சொல்லும்போதே “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஒருமுறை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். உடனே புறப்படச் சொல்லவில்லை, ஆனால் வேறொரு நாள் காலையில் வந்து பார்க்க வேண்டும். பழைய டீசலின் குணம் முதல் அரை நிமிடத்தில்தான் தெரியும். செல்ஃப் எடுத்ததும் ஒரு கணம் லேசாகப் புகைந்து அடங்கினால் பிரச்சினை இல்லை. நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளைப்புகையோடு எஞ்சின் குலுங்கினால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ ஹீட்டர் பிளக்கோ சரியில்லை. இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை விடாமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. அப்போது கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே குமிழ் குமிழாக வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகம் உறுதி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, குபுகுபுவென்று புகை தள்ளினால் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பேக் கம்ப்ரஷன்’ அதுதான், பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்துவிட்டன. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் டீசலில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்று, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால் கவனியுங்கள். கரிவடிகட்டி உள்ள புது ரக டீசல்களில், வடிகட்டி தன் கரியை எரிக்கக் கூடுதல் டீசலை விடும். நகரத்துக்குள் குட்டிக் குட்டித் தூரமாகவே ஓடினால் அந்த வேலை முடிவதே இல்லை, மிச்ச டீசல் ஆயிலில் இறங்கிவிடும். 80,000 மட்டுமே ஓடிய அந்தப் பளபள வண்டியில் முதலில் இதைத்தான் பார்ப்பேன். 9 வருடத்தில் 80,000 என்றால் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லை. வடிகட்டி இருக்க வேண்டிய வண்டியின் சைலன்சர் வாயில் விரல் விட்டால் அப்பிக்கொண்டு கரி வரக்கூடாது. வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள்.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டுவது டைமிங் பெல்ட்டா செயினா என்று அந்த எஞ்சினின் கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால், மாற்றிய ரசீது இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரத்தில் அந்தச் செலவைக் கழியுங்கள். அறுந்தால் பெரும்பாலான டீசல்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். உங்கள் இரண்டாவது வண்டியின் ரசீதுக் கட்டுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான். ஆனால் ரசீது இருக்கிறது என்பதோடு நிற்காமல் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். ஆயில் மாற்றிய இடைவெளி சீராக இருக்கிறதா? ஒரே பாகம் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டிருக்கிறதா? கிளட்ச் 60,000-க்கு ஒருமுறை போயிருந்தால் அது ஓட்டியவரின் பாதத்தையோ ஏற்றிய பாரத்தையோ சொல்கிறது.

மீட்டர் உண்மையா என்பதற்கும் அதே ரசீதுகள்தான் சாட்சி. ரசீது இல்லாத வண்டியில் தேய்மானம்தான் சாட்சி. 80,000-இல் கிளட்ச் பெடல் ரப்பர் வழுக்கையாகியிருக்காது, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் கிழிந்திருக்காது. சில பிக்கப்புகளின் டிஸ்பிளேயில் எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் காட்டும். கிலோமீட்டரை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். 80,000 கிலோமீட்டர், 5,000 மணி என்றால் சராசரி வேகம் 16. அந்த வண்டி ஏதோ ஒரு வேலைத்தளத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே எஞ்சினைத் தேய்த்திருக்கிறது. 2,10,000 கிலோமீட்டருக்கும் அதே 5,000 மணி என்றால் சராசரி 42, நெடுஞ்சாலை வண்டி. எஞ்சினுக்கு இரண்டுக்கும் வயது ஒன்றே.

ஓட்டிப் பார்க்கும்போது ஆடியோவை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கிவிடுங்கள். காலி பிக்கப்பின் பின்பக்கம் குதிப்பது இயல்பு, அதைக் குறையாகச் சொன்னால் விற்பவர் உங்களைப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார். நான்காவது கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரைச்சலும் ஏறாமல் மந்தமாக இருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம் (பிக்கப் வண்டியில் ‘பிக்கப்’ இல்லை என்று சொல்வது இதைத்தான்). கிளம்பும்போது தரைக்கு அடியில் ஒரு உதறல் வந்து வேகம் பிடித்ததும் மறைந்தால், இரண்டு துண்டாக வரும் ஷாஃப்டின் நடு பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்தால் சுருதி மாறினால் டிஃபரென்ஷியல் (சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பற்கள். ஆட்டோமேடிக்கில், பிரேக்கை மிதித்தபடி முன்னுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றினால் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். யோசித்துவிட்டு “டங்” என்று பிடித்தால் வேண்டாம்.

ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி) இருந்தால் அதையும் போட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் மண் அல்லது சரளைத் தரையில். பெரும்பாலான பிக்கப்புகளில் முன் பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். வருடக்கணக்காக யாரும் தொடாத ஃபோர் வீல் லீவர் துருப்பிடித்து அசையாமல் நிற்பது சகஜம். ஃபோர் லோ (அதன் குறைந்த வேகக் கியர்) வரை விழுகிறதா என்று பாருங்கள். அப்படியே டிஃபரென்ஷியலின் ஆயிலையும் ஒரு சொட்டு பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் இந்த வண்டி ஆழமான தண்ணீருக்குள் போயிருக்கிறது. அப்போது சீட் தண்டவாளத்தின் துருவையும் கம்பளத்தின் அடியில் உள்ள வண்டலையும் தேடுங்கள்.

எந்தக் கம்பெனி என்று கேட்டீர்கள். டொயோட்டா ஹைலக்ஸ் 1968-இல் வந்தது, இசுசு டி-மேக்ஸ் 2002-இல். இரண்டுக்கும் உழைப்பில் நல்ல பெயர், பெயருக்குத் தக்க விலையும் உண்டு. பெயரை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அதே டொயோட்டாவின் டகோமா பிக்கப்பில், 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளின் சேஸி, பனிக்குச் சாலையில் உப்புத் தூவும் பகுதிகளில் அரித்துப் போய், 2008-இல் கம்பெனியே அமெரிக்காவில் துரு உத்தரவாதத்தை 15 வருடமாக நீட்டி, மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரண்டியர் ஆட்டோமேடிக்கில், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும் கோளாறு பிரசித்தம். 2015 முதல் வரும் ஃபோர்டு எஃப்-150-இன் பாடி அலுமினியம். காந்தம் வைத்துப் பட்டி தேடும் வித்தை அதில் பலிக்காது, பாடி துருப்பிடிக்காவிட்டாலும் சட்டம் இரும்புதான். ஆக, கம்பெனியைவிட அந்த மாடலின் அந்த வருடத்துக்கு என்ன நோய் என்று தெரிந்துகொண்டு, அதற்கு மருந்து போட்டாகிவிட்டதா என்று பார்ப்பதுதான் வேலை.

காகிதங்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தில் பொறித்த 17 எழுத்துச் சேஸி எண் பதிவுப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், சுற்றிலும் கிரைண்டர் தடம் இருக்கக்கூடாது. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இந்த எண்ணில் வராது, வந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். கடன் பாக்கி, கம்பெனி திரும்ப அழைத்த பழுது இரண்டையும் இந்த எண்ணை வைத்தே விசாரிக்கலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வயது டயரில் லோடு ஏற்ற வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் இப்படிச் செய்வேன். 2,10,000 வண்டியை முதலில் பார்ப்பேன். சேஸி “கிண்” என்று பேசி, சந்து நேராக இருந்து, குளிர்ந்த எஞ்சின் ஒழுங்காக எழுந்தால், கீறலையும் நசுங்கலையும் காட்டி விலையைக் குறைத்து எடுத்துக்கொள்வேன். தொட்டியில் கீறல் இருப்பது பிக்கப் வேலை செய்ததற்கு அடையாளம், நோய்க்கு அடையாளம் அல்ல. அதன் சட்டத்தில் குறை இருந்தால் மட்டும் பளபள வண்டிக்குப் போவேன், அதுவும் லிஃப்டில் ஏற்றி, எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு. லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால் அங்கேயே பேச்சு முடிந்தது.

எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (ஃபோர் வீலில் முன் பின் அச்சுகளுக்குச் சுழற்சியை அனுப்பும் பெட்டி), டிஃபரென்ஷியல் ஆயில்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் வடியும்போது பக்கத்தில் நில்லுங்கள். டிஃபரென்ஷியல் பிளக்கில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி வழவழப்பான பசை ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், அது வயதுக்கு வருவது. விரலில் குத்துகிற சில்லு இருந்தால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் ஹவுசிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.